சனிக்கிழமைப் போத்தல்

லெமன் கர்ட் கிண்டும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது என்பது வேலாயுதத்தின் சட்டம். கிள்ளானில் உள்ள அந்த ஆறாம் மாடி வீட்டில் பேசுவதற்கு இப்போது ஆளே இல்லை. மனைவி மாரியாயி போய் ஒரு வருஷமாகிறது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். வானொலியை அணைத்தார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றார்.

சாமான் என்று பார்த்தால் நான்குதான். புளிப்புச் சாறு, முட்டையின் மஞ்சள் கரு, சீனி, பட்டர். எவனும் வாங்கிவிடலாம். கிண்டத் தெரிய வேண்டுமே. அடியில் ஒரு சட்டியில் தண்ணீர் முணுமுணுவென்று காய வேண்டும், தளதளவென்று கொதிக்கக்கூடாது. அதன் மேல் எவர்சில்வர் கிண்ணம். அலுமினியம் என்றால் போச்சு, தகர வாடை ஏறிவிடும். மரக்கரண்டியைக் கீழே வைக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் முட்டைப் பொரியல்தான் மிஞ்சும். பொறுமையாக நின்றால் அது தடித்து, கரண்டியின் முதுகில் ஒட்டும். அதில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். அப்போது இறக்கி, பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்கி, வடிகட்டினால் பளபளவென்று ஒரு மஞ்சள் களிம்பு. ரொட்டியில் தடவலாம், டார்ட்டில் நிரப்பலாம், கேக்கின் நடுவில் வைக்கலாம். கோலாலம்பூரில் இதை வேலாயுதத்தைப் போலக் கிண்ட ஆள் கிடையாது. யார் சொன்னது என்று கேட்டால், வேலாயுதமே சொன்னதுதான். பல பேரிடம், பல தடவை.

சொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது. பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பதினேழு வயதில் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலுக்குச் சட்டி கழுவ வந்தார். ஒருநாள் முந்நூறு பேர் வரும் டீ விருந்துக்குக் கிண்டிய கர்ட், முட்டை திரிந்து கட்டி கட்டியாகத் தொடங்கியது. வெள்ளைக்கார செஃப் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். கழுவுகிற தொட்டியடியிலிருந்து ஓடி வந்த வேலாயுதம், யாரையும் கேட்காமல் கிண்ணத்தைத் தூக்கி ஐஸ் தொட்டியில் இறக்கினார். சூடு தணிந்ததும் சல்லடையில் போட்டுத் தேய்த்து வடித்துக் காப்பாற்றிவிட்டார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தினமும் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருடிய வித்தை. மறுவாரமே அவர் மேலுக்கு வெள்ளைக் கோட்டு ஏறியது. அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் அந்தக் கோட்டைக் கழற்றவில்லை. வெளிநாட்டு லெமன் வராமல் போன ஒரு மாசத்தில், பாசாரில் குவித்து விற்கும் லிமாவ் கஸ்தூரியை, கோலிக்குண்டு அளவே உள்ள அந்தப் பச்சைப் பழத்தைப் பிழிந்து கர்ட் கிண்டிக் காட்டியதும் அவர்தான். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களே ஆள் விட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் இதையெல்லாம்விட அவர் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த பெரிய மெடல் ஒன்று உண்டு. அதுதான் சனிக்கிழமைப் போத்தல்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் செஃப்பிடம் சொல்லிவிட்டு ஒரு போத்தல் கர்ட்டை வீட்டுக்குக் கொண்டு வருவார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு அடுப்பிலேயே கிண்டினார். மழையோ வெயிலோ, சனிக்கிழமை தவறியதில்லை. மாரியாயி மேசையருகே உட்காருவாள். அவர் நின்றபடியே மூடியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து நீட்டுவார். அவள் வாங்கி வாயில் வைப்பாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு."

அவ்வளவுதான். மூடியைப் போட்டு பிரிட்ஜில் வைத்துவிடுவாள். புதன்கிழமை அவர் பிரிட்ஜைத் திறந்து பார்த்தால் போத்தல் இருக்காது.

"ஹோட்டலுக்கு வர்றவன் காசு குடுத்துட்டோமேன்னு சாப்பிடுவான். எம் பொண்டாட்டி புதன்கிழமைக்குள்ள காலி பண்ணிடுவா லா. அதான் சர்டிபிகேட்டு" என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பழைய கூட்டாளிகளிடம் சொல்லுவார். அவர்களும் டீயை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

மாரியாயி போன பிறகு அவர் கர்ட் கிண்டவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் வருஷத் திவசம். இலை போட்டு, போனவர்களுக்குப் பிடித்ததை வைத்துப் படைக்க வேண்டும். சோறு, கறி எல்லாம் பக்கத்து வீட்டு வீரம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மகள் வாணி ஆஸ்திரேலியாவில், பெர்த் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். லீவு கிடைக்கவில்லை.

"அம்மாவுக்குப் புடிச்சதுன்னு என்னாப்பா வைக்கப் போறீங்க?" என்று காலையில் போனில் கேட்டிருந்தாள்.

"இது என்னா கேள்வி? கர்ட்டுதான்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிப்பா. உங்களுக்குத் தெரியாததா" என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

கர்ட் நன்றாக வந்திருந்தது. ஒரு வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. சூட்டோடு கண்ணாடிப் போத்தலில் ஊற்ற வேண்டும். அடுப்படி அலமாரியின் மேல் கதவைத் திறந்தார். கீழ்க் கதவைத் திறந்தார். அடுப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு போத்தல்கூட இல்லை. முன்பெல்லாம் சனிக்கிழமை காலையில் கழுவித் துடைத்த போத்தல் ஒன்று மேசை மேல் தயாராக இருக்கும். அது எங்கிருந்து வருகிறது, காலியானது எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவு திறந்திருந்தது. வீரம்மா நாளைய கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். புருஷன் எப்போதோ போய்விட்டான். வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவது வேலாயுதத்தின் வழக்கம். அவள் அடுப்படிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

"வீரம்மா, ஒரு கண்ணாடி போத்தல் இருந்தா குடு. கர்ட்டு ஆறிப்போவுது."

"கை பூரா மசாலாண்ணே. உள்ள வாங்க, அந்த அலமாரில நெறைய இருக்கு. நீங்களே எடுத்துக்குங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகம் மாறியது. அதற்குள் அவர் அலமாரியின் கதவைத் திறந்துவிட்டார்.

கடுகு ஒரு போத்தல், வெந்தயம் ஒரு போத்தல், துவரம் பருப்பு, மிளகு, உப்பு, புளி. மூன்று வரிசை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. டேப்பில் நீல மையில் ஆங்கில 'வி' ஒன்று, பக்கத்தில் தேதி. ஹோட்டல் அடுப்படியில் பெயரும் தேதியும் எழுதாமல் எந்தப் பாத்திரமும் பிரிட்ஜுக்குள் போகக்கூடாது. மூன்றாம் வகுப்புக்காரர் அங்கே கற்றுக்கொண்ட எழுத்து அது ஒன்றுதான். வீட்டுப் போத்தலிலும் விடாமல் எழுதுவார். பின்வரிசையில் மை வெளுத்து, டேப் பழுத்து, தேதி படிக்க முடியாத போத்தல்கள்கூட இருந்தன.

"இது எம் போத்தலு" என்றார்.

"பழைய போத்தலுண்ணே. காலியானதும் அக்கா குடுப்பாங்க. நல்ல கண்ணாடி, வீச மனசு வரல."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? எத்தன போத்தலு! ஒருத்தியா சாப்பிட்டிருக்கா. புதன்கிழமைக்குள்ள காலி பண்ணிடுவா, தெரியுமா உனக்கு?"

"புதன்கிழமையா? எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமையே..." வீரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஓடிக்கொண்டிருந்த அரவை இயந்திரத்தை அவள் எட்டி நிறுத்தினாள்.

"உங்க வீட்டுலயா?"

"உக்காருங்கண்ணே."

"நிக்கிறேன். நீ சொல்லு."

வீரம்மா கையைக் கழுவிக்கொண்டு, துடைத்துக்கொண்டு, மறுபடியும் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அக்காவுக்குப் புளிப்பு ஆவாதுண்ணே. நெஞ்சு எரியும். அந்த ஒரு கரண்டிக்கே ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க பிரிக்பீல்ட்ஸ் கெளம்புனதும் போத்தல இங்க கொண்டாந்துடுவாங்க. எம் புள்ளைங்க மூணும் உங்க கர்ட்டுலதான் வளர்ந்துச்சிங்க. சண்ட போட்டு நக்கும்ங்க. ஹோட்டல் போத்தலெல்லாம் இங்கயே தங்கிடுச்சி. நீங்க வீட்டுல கிண்ட ஆரம்பிச்சதும் அதுல ஒண்ண கழுவி அவங்களுக்குக் குடுத்துடுவேன், அடுத்த சனிக்கிழமைக்கு."

"எத்தன வருஷமா?"

"நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து. முப்பது வருஷம் இருக்கும். அதுக்கு முன்ன யாருக்குக் குடுத்தாங்களோ, எனக்குத் தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டேன்!" வேலாயுதத்தின் குரல் வராந்தா வரை போனது.

"'நல்லா இருக்குல்ல'ன்னு கேட்டீங்க. அதுக்கு வேற என்னாண்ணே சொல்ல முடியும்? ஒரு தடவ நான் உங்க வாசல்லேருந்து பாத்தேன். கரண்டிய நீட்டிக்கிட்டு, பரிட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற புள்ள மாதிரி நிக்கிறீங்க. நானா இருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன்."

"நான் யாருன்னு தெரியுமா? டத்தோவெல்லாம்..."

"தெரியும்ணே" என்றாள் வீரம்மா. "முப்பது வருஷமா சொவரு வழியா கேட்டுக்கிட்டுதான இருக்கேன்."

அவர் போத்தல் வாங்காமலேயே திரும்பிவிட்டார்.

வீட்டில் கர்ட்டின் மேல் ஏடு கட்டிக்கொண்டிருந்தது. மாரியாயி உட்காரும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார். நாளைக்கு இலையில் என்ன வைப்பது? அவளுக்கு என்ன பிடிக்கும்?

சீனி குறைத்துக் கேட்கும் ஜப்பான்கார அம்மா, டார்ட்டின் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு நடுவை வைத்துவிடும் ஜட்ஜு, எல்லாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். மாரியாயிக்குப் பிடித்தது எது என்றால் ஒன்றும் வரவில்லை. மீனா, கறியா? தலையா, வாலா? வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் சாப்பாடு மேசையில் மூடியிருக்கும். அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போன பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். ஓய்வு பெற்ற பிறகும் அதே முறைதான் நடந்தது. நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் சாப்பிட்டு அவர் பார்த்தது அந்த ஒரு கரண்டி மட்டும்தான். அதுவும் ஆகாத கரண்டி.

ஒரு மணி நேரமோ என்னவோ, அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரிடமும் போய் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பழக்கம் அவருக்கு இல்லை. 

"அவளுக்கு என்னாதான் புடிக்கும், வீரம்மா?"

வீரம்மா கிண்டல் எதுவும் செய்யவில்லை. "காயாண்ணே" என்றாள்.

"காயாவா?"

"கடைக் காயா. கீழ வாசு கடையில விக்கிறது."

காயா என்பது தேங்காய்ப் பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டுவது. இந்த ஊரில் காலையில் ரொட்டியில் தடவாத வீடு கிடையாது, வேலாயுதத்தின் வீட்டைத் தவிர. ஹோட்டல் கர்ட் இருக்கும் வீட்டில் கடைக் காயாவா என்று கல்யாணமான புதிதிலேயே தடை போட்டுவிட்டார்.

"நீங்க நாலு மணிக்கு நடக்கறதுக்குக் கீழ எறங்குனதும் அக்கா இங்க வந்துடுவாங்க. கிரீம் கிராக்கர் பிஸ்கோத்துல தடிப்பா தடவுவாங்க. பால் சேக்காத கோப்பி ஓல முக்குவாங்க. முக்கி எடுக்கறதுக்குள்ள பாதி உள்ள விழுந்துடும். அத கரண்டியால துழாவி எடுத்துக்கிட்டு ஒரே சிரிப்பு."

"சிரிப்பாளா?"

"ஐயோ, என்னா சிரிப்புண்ணே. சில நாளு வாணி போன்ல வரும், அதுக்கும் காட்டுவாங்க, 'பாரு, மறுபடியும் முங்கிப்போச்சி'ன்னு."

காலையில் வாணி போனில் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு இப்போது புரிந்தது.

வாசுவின் மளிகைக் கடையில் சாயங்காலக் கூட்டம். வேலாயுதம் எல்லாரும் போகட்டும் என்று வெங்காய மூட்டைப் பக்கம் நின்றார். முன்பொரு நாள் இதே கடையில், நாலு பேர் நடுவில், காயாவைச் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு என்று சொல்லியிருந்தார். அதை மறக்கக்கூடிய ஆளில்லை வாசு.

"காயா ஒண்ணு குடு" என்றார் மெதுவாக.

"என்னா பாஸ், வீட்டுக்கு வெள்ள அடிக்கப் போறீங்களா?"

வேலாயுதம் சிரிக்கவில்லை. காசை எடுத்து மேசை மேல் வைத்தார். வாசுவுக்கு என்னவோ போலாகிவிட்டது. ஏணியைப் போட்டு ஏறினான்.

"அக்கா வாங்குறதுதான? பச்சை மூடி, சின்னது. பெருசு வாங்க மாட்டாங்க, வீட்டுல வைக்க எடம் இல்லம்பாங்க." துடைத்துக் கொடுத்தான். "நாளைக்குத் திவசம்ல பாஸ். பிஸ்கோத்தும் வச்சிருக்கேன், எடுத்துக்குங்க."

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெர்த்தில் இருக்கிற மகளுக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, கடைக்காரனுக்கு. லிஃப்ட் ஆறாம் மாடிக்கு ஏறும்வரை பையைத் திறந்து அந்தப் பச்சை மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை வீரம்மா சோறும் குழம்பும் கறியும் கொண்டுவந்தாள். கழுவிய போத்தல் ஒன்றும் கையில் இருந்தது. மாரியாயியின் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். வீரம்மா பரிமாற, கோப்பியை வேலாயுதமே கலக்கினார். பால் இல்லாமல், சூடாக. அவளுக்குச் சீனி எத்தனை கரண்டி என்று வீரம்மாவைக் கேட்டார். இரண்டு என்றாள். பிஸ்கோத்தை அடுக்கி, பக்கத்தில் பச்சை மூடியைத் திறந்து வைத்தார்.

நேற்றைய கர்ட்டையும் போத்தலில் ஊற்றினார். கை தன்னால் டேப்பைக் கிழித்து 'வி' போட்டுத் தேதி எழுதியது. கொண்டுபோய் இலையின் ஓரத்தில் வைத்தார். நாற்பத்தைந்து வருஷத்து வழக்கமாயிற்றே. எழுந்து நின்று பார்த்தார். கோப்பி, காயா, பிஸ்கோத்து, அதன் பக்கத்தில் அது. படத்தில் மாரியாயி எப்போதும்போல வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

குனிந்து போத்தலை எடுத்தார். வீரம்மா கையில் கொடுத்தார்.

"புள்ளைங்க வந்தா குடு."

"சரிண்ணே."

நல்லா இருக்குல்ல என்று அவரும் கேட்கவில்லை, நல்லா இருக்கும் என்று அவளும் சொல்லவில்லை.

கற்பூரம் காட்டினார். இனி கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். போனவர்கள் வந்து சாப்பிடும்போது யாரும் பார்க்கக்கூடாது என்பது முறை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

வீரம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றாள். வேலாயுதம் நகரவில்லை.

"நான் இப்பிடி ஓரமா நின்னுக்கிறேனே."

"அண்ணே."

"ஒண்ணும் பேச மாட்டேன்."

"வெளிய வாங்கண்ணே. அவங்க சாப்பிடட்டும்."

வந்தார். கதவைச் சாத்தினார். மூடும்போது கோப்பியிலிருந்து ஆவி போவது கடைசியாகத் தெரிந்தது.

வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் வரிசையாக நின்றன. கைப்பேசி அடித்தது. திரையில் வாணி, தாதி உடையில்.

"அப்பா, படைச்சிட்டீங்களா? காட்டுங்க."

"கதவு சாத்திருக்கு."

"என்னாப்பா வச்சீங்க?"

"காயா" என்றார். "கிரீம் கிராக்கர். கோப்பி ஓ."

வாணி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தாள். யாரோ கூப்பிட, "அப்புறம் கூப்புடுறேன்பா" என்று போய்விட்டாள்.

வீரம்மா அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் தன் வீட்டுக்குள் போய்விட்டு வந்தாள். வேலாயுதம் கதவைப் பார்த்தபடி அதே இடத்தில் நின்றார்.

"போதும்ணே, தட்டுங்க. சோறு ஆறிடும்."

கையைத் தூக்கினார். விரல் மடங்கிக் கதவுக்கு அருகில் போனது. அப்படியே நின்றது. பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

"கோப்பி சூடா இருந்துச்சி வீரம்மா" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் ஆவட்டும்."